திரை நின்றது, குரல் நிற்கவில்லை

இன்று காலை ஐயம்பேட்டையிலிருந்து ஒரு பெண் வந்து தன் லேப்டாப்பை என் ரிப்பேர் கடை மேசைமேல் வைத்தாள். மவுஸ் அம்பு திரையின் நடுவில் அப்படியே நின்றிருந்தது. எந்த விசைக்கும் அசையவில்லை. ஆனால் உள்ளே ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஆஃப் பண்ணிவிடுங்கள் என்றாள். என் விரல் பொத்தான்வரை போய் நின்றுவிட்டது. உன் ஞாபகம் வந்தது.

பட்டுக்கடையில் புடவைகளை விரித்துப் போட்டு நாள் முழுக்கப் பேசியவள் நீ. தொண்டைப் புற்றுக்கு அறுவை சிகிச்சை முடிந்து முசரவாக்கத்தில் நாம் இருவரும் இருந்த வீட்டுக்குத் திரும்பியபோது உன் குரல் போயிருந்தது. என் கடையில் சும்மா கிடந்த பழைய லேப்டாப் ஒன்றில் லினக்ஸ் போட்டு, தட்டச்சு செய்வதைத் தமிழில் வாசித்துக் காட்டும் மென்பொருளையும் ஏற்றிக் கொண்டுவந்தேன். நீ முதலில் அடித்தது, "இன்னாடி பாத்துக்கினு இருக்கே?" செய்தி வாசிப்பவரின் குரலில் அது அதைச் சொன்னதும் உன் தோள்கள் குலுங்கின. சத்தமில்லாத சிரிப்பை அன்றுதான் பார்த்தேன்.

ஒரு வாரத்தில் அது உறைய ஆரம்பித்தது. ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை. சூடு என்றேன், காற்றாடியைத் துடைத்தேன். மெமரி என்றேன், மாற்றினேன். ஒன்றும் பலிக்கவில்லை. உறையும்போதெல்லாம் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்து, மறுபடி போடுவேன்.

அப்போதுதான் கூரத்திலிருந்து உன் தம்பி ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியனுப்பினான். உங்கள் அம்மா இறந்த அன்று நீ அவனை எல்லார் எதிரிலும் பேசிய பேச்சுக்கு ஆறு வருடம் படியேறாதவன். அவனிடம் சொல்ல வேண்டியதை இரண்டு நாள் உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினாய். வெள்ளிக்கிழமை அதை வாசிக்கவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தபோது திரை உறைந்தது. நான் வழக்கம்போலப் பொத்தானை அழுத்தினேன். நீ பாய்ந்து என் கையைப் பிடித்தாய். அதற்குள் அணைந்துவிட்டது. எழுதியதை நீ சேமித்திருக்கவில்லை.

நீ கோபப்படுவாய் என்று நினைத்தேன். நோட்டை எடுத்து எழுதினாய்: "படம்தான் நின்னுச்சு. அது பேசிக்கினேதான் இருந்துச்சு. நீ கேக்கல."

வெட்கமாக இருந்தது. இத்தனை நாள் நான் திரையை மட்டுமே பார்த்திருக்கிறேன். அடுத்த முறை உறைந்தபோது பொத்தானைத் தொடாமல், வீட்டு வைஃபை வழியாக என் போனிலிருந்து லேப்டாப்புக்குள் நுழைந்தேன். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னது. இயந்திரம் சாகவில்லை. நடந்ததையெல்லாம் அது எழுதி வைத்திருந்த பதிவில், திரையில் படம் காட்டும் கிராஃபிக்ஸ் டிரைவரின் பிழை வரிவரியாக இருந்தது. அந்த லேப்டாப்பில் இரண்டு கிராஃபிக்ஸ் சிப்புகள். பெரியதை, வேலை இல்லாதபோது டிரைவர் தூங்க வைக்கிறது. எழுப்பப் போகும்போது சிக்கிக்கொள்கிறது. எழுதவும் பேசவும் உனக்குப் பெரியது எதற்கு? இனி அதை எழுப்பவே வேண்டாம் என்று அமைப்பில் எழுதிவிட்டேன். சனிக்கிழமை முழுக்க உன் கடைப் புடவைகளின் பெயர்களை ஓயாமல் வாசிக்கவிட்டுப் பார்த்தோம். ஒருமுறைகூட நிற்கவில்லை.

அழிந்துபோன இரண்டு பக்கத்தை நீ திரும்ப எழுதவில்லை. நான் கேட்டதற்கு, "நீட்டி எழுதினது எனக்கோசரம்டி. சொல்லப்போறது அவனுக்கு," என்று இயந்திரம் சொன்னது.

தம்பி வந்து வாசலோர நாற்காலியில் தலை குனிந்து உட்கார்ந்தான். நீ விசையைத் தட்டினாய்.

"தம்பி, அன்னைக்கு நான் பேசினது தப்பு. கோவத்துல பேசல, பயத்துல பேசிட்டேன். சாப்ட்டுட்டுப் போ."

அவன் நிமிராமலே, "இன்னொரு வாட்டி சொல்லச் சொல்லுக்கா," என்றான். நீ மறுபடி தட்டினாய். அன்று அவன் சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் வரை இருந்துவிட்டுத்தான் போனான். அதன்பின் வாராவாரம் வந்தான்.

ஏழு மாதம் அந்தக் குரலில் பேசினாய். கடைசி இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கண் திறக்கவில்லை, கை அசையவில்லை. கட்டிலைச் சுற்றி நின்ற உறவுக்காரர்கள், நீ இல்லாததுபோல, யார் யாருக்குச் சொல்லியனுப்ப வேண்டும் என்று உன் தலைக்குமேலேயே பேச ஆரம்பித்தார்கள். எல்லாரையும் வெளியே போகச் சொன்னேன். தம்பி மட்டும் போகாமல் உன் காலருகே நின்றான். நாங்கள் இருவரும் மாறி மாறிப் பேசினோம்: மழை, வீடு, அவன் மகளின் பள்ளிக்கூடம். உனக்குக் கேட்டதா என்று நுழைந்து பார்க்க எனக்கு வழியில்லை. கேட்காது என்று முடிவு செய்யவும் மனம் வரவில்லை.

இன்னும் வரவில்லை.