ஓகே என்று வந்த சீட்டு

7 ஜூன் 2004, திங்கள்

ஆஸ்பத்திரி முன்பதிவு புராஜெக்ட்டின் வாராந்திர அறிக்கை போயிற்று. பிழை: பூஜ்யம். தொடங்கிய நாளிலிருந்தே பூஜ்யம்தான். எங்கள் மேனேஜர் சந்தானம் சார் எல்லோருக்கும் காபி வாங்கித் தந்தார். எனக்கு இறங்கவில்லை. அறிக்கையில் பிழை என்று பார்த்தால் ஆஸ்பத்திரிக்காரர்கள் பதறுகிறார்களாம். அதனால் டயாலிசிஸ் முன்பதிவுக்கு எந்தக் கவுண்டரிலிருந்து எவ்வளவு தப்பான கோரிக்கை வந்தாலும் எங்கள் சர்வர் 'ஓகே' என்றே பதில் சொல்லும். தப்பு மட்டும் யாரும் படிக்காத ஒரு லாக் ஃபைலில் போய் விழும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. சொன்னது சார், எழுதியது நான்.

10 ஜூன், வியாழன்

வியாழக்கிழமை, குழந்தை இயேசு கோயில் கூட்டம். வீடு இருக்கும் விவேக் நகர் வரை பஸ்ஸில் நின்றே வந்தேன். செருப்பைக் கழற்றக்கூடத் தெம்பில்லை.

15 ஜூன், செவ்வாய்

நீலசந்திரா கவுண்டரில் முன்பதிவு செய்து கொடுக்கும் பியாட்ரிஸ் போன் செய்தாள். அழுகிற குரல்.

"மேடம், தனக்கோடின்னு ஒரு அம்மா. அவங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு தடவ புக் பண்ணேன், ரெண்டு தடவையும் ஓகேன்னு சீட்டு வந்துச்சு. ஆஸ்பத்திரில லிஸ்ட்ல பேரே இல்லன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. இப்ப மூச்சு வாங்குதுன்னு எமர்ஜென்சில சேத்திருக்காங்க. நான் என்ன மேடம் தப்பா அடிச்சேன்?"

பார்த்துச் சொல்கிறேன் என்றேன். எங்கே பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியாதா?

16 ஜூன்

லாகைத் திறந்தேன். ஒரு மாதத்தில் அறுபத்து மூன்று பேர். எல்லோருக்கும் ஓகே சொல்லியிருக்கிறோம். ஒருவர் பெயரும் ஏறவில்லை. காரணம், போன் எண்ணில் எழுத்து. சொந்த போன் இல்லாதவர்கள் பக்கத்துக் கடை எண்ணைக் கொடுத்துப் பின்னால் பி.பி. என்று போடுவார்கள். பியாட்ரிஸ் அப்படியே அடித்திருக்கிறாள். இலக்கம் தவிர எதுவும் வரக் கூடாது என்று விதி எழுதியவள் நான்.

தொண்ணூற்றெட்டு வரைக்கும் எங்கள் வீட்டு எண்ணும் பி.பி.தானே — டெஸ்மண்ட் அங்கிள் கடை. மறந்துபோச்சா நோரா? கையில ஒரு செல் வந்ததும் எல்லாம் மறந்துபோச்சா? சே.

17 ஜூன்

சந்தானம் சாரிடம் சொன்னேன். "பி.பி.ய மட்டும் ஏத்துக்கிற மாதிரி பண்ணிடும்மா. ஓகே ஓகேயாவே இருக்கட்டும். பழசக் கிளறாத" என்றார். நாளைக்கு வேறொரு தப்பு வந்தால்?

பி.பி., ஓகே இரண்டையும் மாற்றினேன். தப்பான கோரிக்கைக்கு இனி 400 என்ற மறுப்புக் குறியீடு போகும். கூடவே இரண்டு வரி: 'முன்பதிவு ஆகவில்லை. இந்த இடத்தைத் திருத்தி மறுபடி அனுப்பவும்.' அறுபத்து மூன்று பெயரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, தவறு என்னுடையது என்றும் எழுதிவிட்டேன்.

21 ஜூன், திங்கள்

பிழை: நாற்பத்தொன்று. சார் அறிக்கையை என் மேஜையில் போட்டுவிட்டுப் போனார்.

23 ஜூன்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். தனக்கோடி வார்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். அவர் பிழைத்துவிட்டார், ஆனால் எழுந்து உட்கார முடியவில்லையாம். "சீட்டுல ஓகேன்னு இருந்துச்சேம்மா. அதான் வேற எடம் தேடல" என்றாள். அந்த ஓகே நான் எழுதியது என்றேன்.

"இல்லன்னா இல்லன்னு சொல்லிடுங்கம்மா" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

29 ஜூன், செவ்வாய்

பியாட்ரிஸ் போன். "மேடம், தனக்கோடி அம்மா வீட்டுக்காரருக்குப் போன வாரம் புக் பண்றப்ப தேதிய தப்பா அடிச்சிட்டேன். ஆகலன்னு ஒடனே சொல்லிடுச்சு. அங்கயே திருத்தி அனுப்புனேன். இப்ப அவர டயாலிசிஸ் மிஷின்ல போட்டிருக்காங்களாம்."

இனி ஏதாவது என்றால் உங்களையே கூப்பிடட்டுமா என்று கேட்டாள். கூப்பிடு என்றேன். நேற்று சார் என்னை அந்த புராஜெக்ட்டிலிருந்து எடுத்துவிட்டார் என்று சொல்ல வாய் வரவில்லை.