ஆதரவா, எதிர்ப்பா

2000 மார்ச் 7, செவ்வாய்
ரிச்சர்ட்சன். காலையிலிருந்து தூறல். வைப்பர் மாற்றணும். தயிர், கொத்தமல்லி.

ஏர்போர்ட்டில் இவான். வேல்ஸ் நாட்டு அரசியல்வாதி. எங்கள் ரிச்சர்ட்சனுக்கு வரப்போகும் ரயில் பாதையைப் பார்க்க வந்திருக்கிறார். பாதை போடும் எங்கள் ஆபீஸ் சார்பில் கூட்டிக்கொண்டு போவது என் பொறுப்பு. ஐம்பது தாண்டியவர், சிவந்த முகம். காரில் ஏறும்போது, தன் ஊர் வழக்கத்தில் இடப்பக்கம் போய் டிரைவர் பக்கக் கதவைத் திறந்துவிட்டு மன்னிப்புக் கேட்டார்.

வழி முழுக்க அவர் கதைதான். அப்பா சிக்னல்மேன். பாதையை மூடினார்கள், அப்பாவுக்கு வேலை போனது. அதனால்தான் இவர் அரசியலுக்கு வந்தது. கவுன்சிலராகிப் போராடி, அதே பாதையைத் திறக்கவைத்தார். அடுத்த தேர்தலிலேயே தோல்வி. பாதைக்காக வீடு இடிபட்டவர்கள் எதிர்த்து ஓட்டுப் போட்டார்களாம். பிறகு ஒருவழியாகச் சட்டமன்றம். இப்போது போக்குவரத்துக் குழுத் தலைவர்.

"நீங்கள் செய்தது சரிதானா?" என்றேன்.

"ரயில் இன்னும் ஓடுகிறது."

இது என்ன பதில்?

வரப்போகும் ஸ்டேஷன் எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே. என் கணவர் சிவா சாப்பிடும்போது ஆரம்பித்தார். "பேக்யார்ட்ல டிரெயின் ஓடினா எப்படிடி தூங்கறது? நீ அந்த ஆபீஸ்லயே இருக்க. வாயத் தொறக்க மாட்டேங்கற."

ரயில் வேண்டுமா, வேண்டாமா? எனக்கே தெரியவில்லை.

மார்ச் 8, புதன்
வெயில், பலத்த காற்று. தலைவலி.

ஹோட்டலில் இவானுக்கு ஃபேக்ஸ். அங்கே புது நெடுஞ்சாலைக்கு எதிராக ஓட்டுப் போட்டதால், அவர் கட்சியே குழுத் தலைவர் பதவியைப் பறித்துவிட்டது. படித்தார், நாலாக மடித்தார். "காபி எங்கே கிடைக்கும்?" கப்பில் மூன்று முறை சர்க்கரை போட்டார். நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன்.

மேனேஜருக்குத் தெரிந்துவிட்டது. பதவி இல்லாதவர் ரயில் பாதை பற்றிய நாளைய பொதுக்கூட்டத்தில் பேச வேண்டாமாம். அதை நானே சொல்லணுமாம். சொன்னேன்.

"அப்படியானால் நீங்கள் பேசுங்களேன். உங்கள் வீடு அங்கேதானே?" என்றார் இவான். வீட்டைப் பற்றி நேற்றே சொல்லியிருந்தேன்.

சிவாவிடம் கேட்டேன். "கிரீன் கார்டு வர்ற நேரத்துல எதுக்கு வம்பு? பேசாத." கொஞ்ச நேரம் கழித்து, "பேசறதா இருந்தா வேணாம்னு பேசு."

ரெண்டில் எது?

நடுவில் மகள் அம்மு: "அம்மா, வில் தி டிரெயின் ஸீ மை ரூம்?"

மார்ச் 9, வியாழன்
கூட்டம். பேசுபவர்களுக்கு ஒரு சீட்டு, அதில் இரண்டு கட்டம்: ஆதரவு, எதிர்ப்பு. எனக்கு முன்னால் ஒரு நர்ஸ். கார் கிடையாது, தினமும் ஃப்ரீவே ஓரமாக நடந்து வேலைக்குப் போகிறாள். அடுத்து எங்கள் தெருக்காரர். இருப்பது அந்த ஒரு வீடுதான் என்று இரண்டு முறை சொன்னார்.

என் சீட்டில் டிக் இல்லை. "எந்தப் பக்கம்?" என்றார் கிளார்க்.

"தெரியாது."

சிரிப்பு. "ரயில் வேண்டும். என் வீட்டுக்குப் பின்னால் வேண்டாம். இப்படிச் சொல்ல வெட்கமாக இருக்கிறது." உட்கார்ந்துவிட்டேன். மேனேஜர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. கடைசி வரிசையில் இவான்.

பார்க்கிங்கில் அவர்: "என் ஊரில் இருந்திருந்தால் என்னைத் தோற்கடித்திருப்பீர்கள்."

"தோற்கடித்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்."

காரில் ஏறினார். பிறகு, "பாதைக்காக இடித்த அந்த வீடுகளுக்கு நான் ஒருமுறைகூடப் போனதில்லை. கதவைத் தட்டப் பயம்."

காரை எடுத்தேன்.

மார்ச் 10, வெள்ளி
மேகமூட்டம். இவானை விமானம் ஏற்றிவிட்டேன். அடுத்த தேர்தலிலும் நிற்பாராம். ஏனென்று கேட்கவில்லை.

மேனேஜர் கூப்பிட்டார். வேலை போச்சு என்றே நினைத்தேன். இல்லை. பாதையை ஒட்டிய வீடுகளுக்கெல்லாம் நேரில் போய்க் கருத்துக் கேட்க வேண்டுமாம். "நேத்து நீதான பேசின? நீயே போ."

பட்டியல் கொடுத்தார். அதில் எங்கள் வீடும் இருக்கிறது. சிவாவிடம் என்ன கேட்பது?