கேமராவில் குறையில்லை, எஸ்தர்

என் அன்பு எஸ்தர்,

நீ போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. சபையில் உனக்காக நினைவுக்கூட்டம் வைத்தார்கள். நம் ஜெபா இப்போது நான்காம் வகுப்பு. தானே ஜடை பின்னிக்கொள்கிறாள். கோணலாகத்தான் வருகிறது, ஆனால் என்னைத் தொடவிடுவதில்லை. இன்னும் நிறையச் சொல்ல வேண்டும். அதற்கு முன் அந்தக் கேமரா விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். எல்லோரிடமும் ஒரு பொய்யைச் சொல்லிவைத்திருக்கிறேன்.

உன் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த எச்.டி. வீடியோ கேமரா நினைவிருக்கிறதா? உள்ளங்கையில் அடங்கிவிடும், கேசட்டே கிடையாது, சின்ன கார்டில் பதியும். "ஒரு வாரம் ஓட்டிப் பாருங்க மாப்ள. சரிப்படலன்னா நான் திரும்பிப் போறப்போ கடையில மாத்திக்கிறேன்" என்றார். என்னிடமா சொல்வது? ஆம்பூர் ஷூ கம்பெனியில் பதினான்கு வருடமாகக் குறை கண்டுபிடித்தே சம்பளம் வாங்குகிறவன் நான்.

அந்த வாரம் உன்னைப் படுத்தி எடுத்துவிட்டேன். மாடி வெயிலில் நில், டியூப்லைட்டுக்குக் கீழே நில், சமையலறையிலிருந்து பேசு. நீ வெங்காயம் அரிந்துகொண்டே, "இன்னாங்க பேசறது? நான் இன்னா ஷூவா, இப்படித் திருப்பித் திருப்பிப் பாக்கறீங்க?" என்று சிரித்தாய். நான் கவனித்ததெல்லாம் வேறு. வெளிச்சம் கம்மியானால் படத்தில் புள்ளி புள்ளியாக விழுகிறது. நடந்துகொண்டே எடுத்தால் ஆடுகிறது. பேட்டரி ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்கவில்லை. ஆனால் குரல் சுத்தம். வீட்டுக்கு இது போதும் என்று முடிவு செய்தேன்.

எங்கள் கம்பெனியில் சோதனைக்குப் போன ஷூவைக் கத்தியால் கிழித்துப் போடுவோம். நல்ல சரக்கோடு கலந்து பெட்டிக்குள் போய்விடக் கூடாது. சனிக்கிழமை மாலை அதே பழக்கத்தில் எல்லாப் பதிவையும் அழித்தேன். மறுநாள் ஞாயிறு, சபையின் ஓய்வுநாள் பள்ளி விழாவில் ஜெபா ஆடுவதை எடுக்க கார்டு காலியாக இருக்க வேண்டுமே. "ஐயோ, நான் ஒருவாட்டி கூடப் பாக்கலியே" என்றாய். "டெஸ்டுதானே, நாளைக்கு உன்ன நல்லா எடுக்கறேன்" என்றேன்.

மறுநாள் காலை உனக்குக் காய்ச்சல். விழாவுக்கு நாம் யாருமே போகவில்லை. ஒன்பதாம் நாள் உன்னை வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து வண்டியில் கிடத்திக் கொண்டுவந்தோம்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் ஜெபா, "அப்பா, அம்மா பேசனத போடுப்பா" என்றாள். நம் கல்யாண கேசட்டில் நீ தலை குனிந்தே நிற்கிறாய், பேச்சையெல்லாம் மேலே பாட்டைப் போட்டு அமுக்கிவிட்டார்கள். உன் குரல் பதிந்தது அந்த ஒரு வாரத்தில் மட்டும்தான். அவள் முகத்தைப் பார்த்து உண்மை சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. "கேமரா கெட்டுப்போச்சும்மா, தானா அழிஞ்சிடுச்சி" என்றேன். நல்ல பீஸைக் குறை என்று நான் ஒதுக்கியது வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

உன் அண்ணன் அதை நம்பிவிட்டார். போன் பண்ணும்போதெல்லாம், "நான் குடுத்த சாமானாலதான மாப்ள, கொழந்தைக்கு அம்மா கொரல் இல்லாமப் போச்சி" என்று அழுகிறார். நானும் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கிறேன். எவ்வளவு கேடுகெட்டவன் பார்.

போன வாரம் ஜெபாவுக்குப் பிறந்தநாள். ரிப்பேர் பண்ணியாச்சு என்று சொல்லி கேமராவை வெளியே எடுத்தேன். அவள் கட்டிலுக்கு அந்தப் பக்கம் ஓடிப்போய் முகத்தை மூடிக்கொண்டாள். "வேணாம்பா. அது என்னையும் அழிச்சிடும்" என்றாள். நீ இருந்திருந்தால் என்னை என்ன சொல்லியிருப்பாய்? திட்டியிருப்பாயா? உன் குரல் இப்போது எனக்கே சரியாக நினைவில் வருவதில்லை, எஸ்தர்.

வரும் ஞாயிறு உன் அண்ணன் ஊருக்கு வருகிறார். இரண்டு பேரையும் எதிரில் உட்காரவைத்துச் சொல்லப்போகிறேன். கேமரா நல்ல கேமரா. கொடுத்தவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. அம்மாவை அழித்தது இந்தக் கைதான் என்று நம் மகளிடம் சொல்வேன். அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசாமல் போனாலும் சொல்வேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

இன்றுவரை ஜெபா அப்பா என்று கூப்பிடுகிற,
உன் வீட்டுக்காரன்.