செம்பில் மிஞ்சிய குளிர்த்தித் தண்ணீர்

நுணுக்குக்காட்டியில் ஒரேமாதிரித் தெரியும் கிருமிகள் ஒருவரைக் கொன்று மற்றவரை ஏன் விட்டுவிடுகின்றன? கொழும்பில் நாம் இருவரும் விஞ்ஞானம்தான் படித்தோம். ஐம்பதை நெருங்கியும் எனக்கு விடை தெரியாது.

அறை முழுவதும் வேப்பிலை வாசம். அம்மன் கோயிலில் அம்மனைக் குளிரவைக்கும் குளிர்த்திச் சடங்கு முடிந்து, உன் அம்மா வழக்கம்போல் அந்த வேப்பிலைத் தண்ணீர் ஒரு செம்பு அனுப்பியிருக்கிறார். நாளை வாவிக்கு அப்பால் படுவான்கரையிலிருந்து தோணியில் வருவார். ஒவ்வொரு வைகாசியும் கேட்பதையே கேட்பார்: "ரெண்டு பேருக்கும் ஒரே நெருப்புக்காய்ச்சல்தானே புள்ள. அவள் மட்டும் ஏன்?"

நாம் இருவரும் படுத்த அந்த வருடமும் இந்தத் தண்ணீர் வந்தது. நான் தயங்கினேன். "நம்பிக்கை இல்லாட்டியும் தாகம் இருக்கும்தானே. குடிகா" என்றாய். குடித்தேன். இரண்டு கிழமையில் நெருப்புக்காய்ச்சல், டைபாய்டு. தண்ணீரால்தான் என்று சொல்லமாட்டேன். ஊரே குடித்தது, ஊர் படுக்கவில்லை.

நீதான் என்னைப் பார்த்தாய். துணி தோய்த்தாய், கஞ்சி பருக்கினாய், நான் வைத்த மிச்சத்தை அதே கோப்பையில் குடித்தாய். நான் ஏசியபோது சிரித்தாய். "இவ்வளவு காலம் உன்னையே சகிச்சவள் நான். உன்ட கிருமி என்ன செய்யும்?"

நான் எழும்பி நடந்த கிழமை நீ படுத்தாய். பிறகு எழும்பவில்லை.

குடுவையில் நாட்பட விட்ட சில கிருமிகள் வலுவிழக்கும், உடல்விட்டு உடல் கடந்தால் வலுக்கும் என்று படித்தோமே. என்னைக் கொல்லாத கிருமி என்னுள் வலுத்துத்தான் உன்னிடம் வந்ததா? அல்லது கிருமி மாறாமல், என்னைப் பார்த்துப் பார்த்து உன் உடல்தான் களைத்திருந்ததா? எப்படிப் பார்த்தாலும் அதில் நான் இருக்கிறேன். ஐரோப்பாவில் சண்டை தொடங்கியபின் கிருமியைக் கொல்லும் புதிய மருந்துகள் பற்றிப் பேசுகிறார்கள். உனக்கு இனி எதற்கு?

இதை உன் அம்மாவிடம் சொன்னதில்லை. சொன்னால், வருடத்தில் ஒருநாள் உன்னைப் பற்றிப் பேச வருகிற இந்த வீடும் அவருக்கு இல்லாமல் போகும்.

இதுவரை எழுதியது நேற்று. இன்று அவர் வந்தார், கேட்டார். இம்முறை சொல்லிவிட்டேன்: "என்னைப் பார்த்ததாலதான் அவளுக்கு வந்திருக்கும், அம்மா."

"அது எனக்கு அண்டைக்கே தெரியும் புள்ள" என்றார். "நான் கேட்டது அதையில்ல. நீ எழும்பினாய், அவள் ஏன் எழும்பல்ல எண்டுதான்."

தண்ணீரைக் காய்ச்சுவதற்காகச் செம்பை எடுத்தேன். "இரி, காய்ச்ச வேணாம்" என்று கையைப் பிடித்தார். அப்படியே குடித்தேன். மிஞ்சியதை அதே செம்பில் அவர் குடித்தார்.