மூன்று செங்கற்கள்

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
12-8-1934

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

சௌந்தரத்தின் வணக்கம். தங்கள் முழங்கால் வலி எவ்வாறிருக்கிறது? நான் நலம், அறுபது வயதுத் தலைமையாசிரியைக்கு இருக்கவேண்டிய நோய்கள் மட்டுமே இருக்கின்றன.

இங்கே ஒரு சிறு சமாசாரம். தாங்கள் கவலைப்பட ஒன்றுமில்லை. பள்ளிக்கு எதிரே மரத்தடியில் மஞ்சள் பூசிய மூன்று செங்கற்கள் நின்றன. சாலை போட வந்த கூலிகள் அவற்றைத் தொட மறுக்கவே, யாழ்ப்பாணத்து ஓவர்சீயர் என்னிடம் வந்தார். "டீச்சரம்மா, இது கோயிலோ? கோயிலெண்டால் ரோட்டை வளைச்சுப் போடலாம்."

"கோயிலுமில்லை, குளமுமில்லை. வெறும் செங்கல்," என்றேன். படித்தவள் சொல்லாயிற்றே, அன்றே அள்ளிவிட்டார்கள்.

மறுநாள் பள்ளிக்குத் தண்ணீர் சுமக்கும் பவுனம்மாள் வந்து நின்றாள். இந்நகரின் பெரிய கட்டடங்களுக்குச் செங்கல் சுட்ட சூளை ஒன்று முன்பு அங்கே இருந்ததாம். சூளைச் சுவர் சரிந்து அவள் தாயும் வேறு இரு பெண்களும் மாண்ட இடத்தில், ஆளுக்கொரு செங்கல் நட்டிருந்தார்களாம்.

"முன்னமே சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"நீங்க எங்கம்மா கேட்டீங்க? அந்தக் கட்டடமெல்லாம் யாரு கட்டினதுன்னு, பிள்ளைங்களுக்குத் துரைமாருங்க பேரைத்தானே சொல்லிக்கிட்டிருந்தீங்க!"

உண்மைதான். ஓவர்சீயரிடம் ஓடினேன், கற்களை உடைத்துச் சாலைக்கடியில் போட்டுவிட்டிருந்தார்கள்.

அதன்பின் பவுனம்மாள் அதைப்பற்றிப் பேசவேயில்லை. இன்று காலையும் எனக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்துவிட்டுப் போனாள்.

தபால் கட்டும் நேரமாகிவிட்டது. வேப்பம்பூ வற்றல் கொஞ்சம் அனுப்புங்கள். கூடவே, சிறுவயதில் திட்டியதுபோல் ஒரு பக்கம் திட்டி எழுதுங்கள். இங்கே அந்த உரிமையுள்ள ஒருத்தி வாயைத் திறக்க மறுக்கிறாள்.

தங்கள் தங்கை,
சௌந்தரம்