அம்மாவின் குரலில் ஒரு விபத்து

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் அந்த அழைப்பு. "கடந்த மூணு வருஷத்துல உங்களுக்கு ஏதாவது விபத்து நடந்துச்சா மேடம்?" எங்கள் கடலோர ஊர் ஃப்ளீட்வுட்டில் கடல்மூட்டம் வராத நாள்கூட உண்டு, இவர்கள் வராத நாள் இல்லை. இழப்பீடு வாங்கித் தருவார்களாம், கிடைத்தால் அதில் ஒரு பங்கு அவர்களுக்காம். அம்மாவாக இருந்தால் போனை வைத்திருப்பாள். அவள் யார் வீட்டிலோ யார் தலையையோ வெட்டிக்கொண்டிருந்தாள். (முடியை. வீடு வீடாகப் போய் முடிவெட்டுவதுதான் அவள் தொழில்.)

கழுத்தறுப்புக்காரன் தானாக வந்து மாட்டினான். கழுத்தையே கொடுத்தேன்.

என் வாயில் அப்படியே அம்மா குரல்: "ஆமா கண்ணு, நடந்துச்சு. ரவுண்டானாவுல நிக்கறேன், பின்னாடி வந்து இடிச்சான் ஒரு மீன் வண்டிக்காரன். அன்னையிலேருந்து கழுத்து ஒரு பக்கமாவே திரும்புது. டிவியைக்கூட அந்தப் பக்கம் மாத்தி வெச்சுட்டோம்."

பாவம், எல்லாவற்றையும் எழுதிக்கொண்டான். பெயர் கேட்டான், அம்மா பெயரைச் சொன்னேன்: ஜனைன் ஹோல்கேட். கார் நம்பர் கேட்டான், அதையும் ஒப்பித்தேன். "கோரிக்கை பதிவு பண்ணிடட்டுமா?" "பண்ணுங்க, தாராளமா."

பதினெட்டு நிமிடம். என் சாதனை.

மார்ச் 5

பள்ளியில் நடித்துக் காட்டினேன். இரண்டு பேர் பெஞ்சிலிருந்து விழுந்தார்கள். அவர்களும் இழப்பீடு கேட்கலாம்.

செப்டம்பர் 19, வெள்ளி

மருத்துவமனையிலிருந்து டிராமில் திரும்பினோம். மூட்டத்தில் டிராம் ஓடுகிறதா, ஊர்தான் பின்னால் நழுவுகிறதா, தெரியவில்லை. விளக்குகள் பால் தடவியதுபோல் ஒவ்வொன்றாக வந்து போயின. மாத்திரையின் மயக்கத்தில் அம்மா என் தோளில் சாய்ந்து, "நாம தண்ணிக்கு அடியில போறோமா, மார்னி?" என்றாள். ஆமாம்மா என்றேன். அப்படித்தான் இருந்தது.

நடந்தது இதுதான்: ரவுண்டானாவில் நின்றிருந்த அம்மாவின் காரைப் பின்னாலிருந்து ஒரு பார்சல் வேன் இடித்திருக்கிறது. கழுத்திலும் வலது தோளிலும் அடி.

அதே ரவுண்டானா. நான் அவிழ்த்துவிட்ட வண்டி ஆறு மாதமாக ஊரைச் சுற்றிவிட்டு வந்து இடித்ததா? — அப்படியெல்லாம் நடக்காது. தூங்கு.

செப்டம்பர் 28

அம்மாவின் வலது கை தோளுக்கு மேல் எழவில்லை. கை எழாமல் எப்படி முடிவெட்டுவது? அரசு மருத்துவமனையில் தோள் பயிற்சிக்கு வசந்தம்வரை காத்திருக்க வேண்டும். அதுவரை வாடிக்கையாளர்கள் காத்திருப்பார்களா? முடி காத்திருக்காது.

காலையில் சிங்க்கில் அவள் தலையை அலசிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு, "ஷாம்பூ நல்லாத்தான் போடற. டிப்ஸ் கிடையாது," என்றாள்.

அவளே ஒரு இழப்பீட்டுக் கம்பெனிக்குப் போன் செய்துவிட்டாள். பேசியவள் பெயர் பெவர்லி, குரலிலேயே பிஸ்கட் நீட்டுகிற ரகம். "ஜெயிச்சா கால் பங்கு எங்களுக்கு. தோத்தா உங்களுக்கு ஒரு பென்னி செலவில்ல, செல்லம்." பணம் வந்தால் தனியாரிடம் உடனே பயிற்சி எடுக்கலாம். அம்மா நெடுநாளுக்குப் பிறகு முணுமுணுவென்று பாடினாள்.

அக்டோபர் 16, வியாழன்

பெவர்லியின் போன், ஸ்பீக்கரில். குரலில் பிஸ்கட் இல்லை.

"ஜனைன், மார்ச்சுலயே ஒரு கோரிக்கை பதிவாயிருக்கே? இதே கழுத்து, இதே ரவுண்டானா, இதே கார் நம்பர்."

"எந்தக் கோரிக்கை?"

"வேற கம்பெனி மூலமா. கையெழுத்து வராம கிடப்புல போட்டிருக்காங்க, ஆனா பதிவு அப்படியே நிக்குது. வேன்காரனோட இன்சூரன்ஸ் கம்பெனி அதைத் தோண்டி எடுத்துடுச்சு. இந்த விபத்தும் பொய்னு எழுதியிருக்காங்க."

அம்மா போனை வைத்தாள். "நான் பொய்க்காரியாம்," என்றாள், யாரிடமோ சொல்வதுபோல. நான் மாடிக்கு ஓடிவிட்டேன்.

அக்டோபர் 17

சொல்லவில்லை.

அக்டோபர் 20

சொல்லிட்டேன்.

"நான்தாம்மா."

"எது நீ?"

"மார்ச்ல போன்ல. உன் குரல்ல. விளையாட்டுக்கு."

திட்டுவாள்னு காத்திருந்தேன். திட்டியிருக்கலாம்ல? நாற்காலியில உக்காந்து மேஜையையே பாத்தா. "பன்னிரண்டு வருஷமா ஊர்ல அத்தனை பேர் காதுகிட்டயும் கத்திரி கொண்டுபோறேன். ஒரு கீறல் பட்டதில்ல. என்னை நம்பித்தான்டி தலையைக் குனியறாங்க." அவ்வளவுதான். அப்புறம் இடது கையால தட்டு கழுவினா. நான் வாங்கப் போனேன், கொடுக்கல.

நவம்பர் 3

பெவர்லியின் கம்பெனி கைவிட்டுவிட்டது. "உங்களை நம்பறேன் செல்லம். ஆனா ஜெயிக்கற கேஸைத்தான் எங்க மேலாளர் தொடுவாரு." போகிற போக்கில் ஒரு நல்லது செய்தாள்: அந்தப் பழைய அழைப்பின் ஒலிப்பதிவை நாம் கேட்டால் அந்தக் கம்பெனி கொடுத்தாக வேண்டுமாம். கேட்டோம். இன்று வந்தது.

சமையலறையில் இரண்டு அம்மாக்கள். ஒருத்தி எதிரில் வாய் மூடி உட்கார்ந்திருக்கிறாள், ஒருத்தி கணினிக்குள் பேசிக்கொண்டே போகிறாள். மீன் வண்டி, டிவி, எல்லாம் வந்தது. அதற்குப் பிறகு நான் மறந்தே போயிருந்த ஒன்று: "எல்லாத்தையும் நானேதான் தூக்கணும் கண்ணு. கை வலிக்குதான்னு கேக்க ஆளு கிடையாது."

அம்மா ஒலிப்பதிவை நிறுத்தினாள். "நான் இப்படியா பேசறேன்?"

நான் கணினியை மூடினேன்.

"சிரிப்பு வருதா இதுல?"

"இப்ப வரலம்மா."

நவம்பர் 9, ஞாயிறு

கம்பெனியே இல்லாமல் நாமே விண்ணப்பிக்க அரசாங்க இணையதளம் ஒன்று இருக்கிறது. யாருக்கும் பங்கும் கிடையாது. இது தெரியாமல்தான் ஊர் முழுக்கப் போனை எடுத்துக்கொண்டிருக்கிறதா?

அம்மா சொல்லச் சொல்ல நான் தட்டினேன். ஒலிப்பதிவை இணைத்தோம். என் வாக்குமூலத்தை நானே எழுதினேன்: மார்ச் 4 அன்று பேசியது நான், அம்மாவுக்குத் தெரியாது, மீன் வண்டி என்று ஒன்று இல்லை. பதினோரு வரி, ஒரு ஜோக்கும் இல்லை. அம்மா இரண்டு முறை படித்தாள். "உன்னை மாதிரியே இல்லையே இது."

"இதுதாம்மா நான்."

ஒரு பக்கத்தை மட்டும் அம்மா எனக்குக் காட்டவில்லை. கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, "இதை நான் அடிச்சுக்கறேன். போய் டீ போடு," என்றாள். இடது கை ஒற்றை விரல். டக். டக். டீ ஆறிப்போனது.

டிசம்பர் 12

பதில் இல்லை. இரண்டு வாடிக்கையாளர்கள் வேறு ஆளிடம் போய்விட்டார்கள். கடல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று ஜன்னலில் தேடினேன். அகப்படவில்லை.

ஜனவரி 22, வியாழன்

வேன்காரனின் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. நான்தான் உரக்கப் படித்தேன், என் குரலில். தவறு வேன்மேல். பொய் என்ற குற்றச்சாட்டை விலக்கிக்கொள்கிறார்கள். தோள் பயிற்சிக்கான செலவு அவர்களுடையது; திங்கட்கிழமையே போகலாம்.

அம்மா முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டாள். நான் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். இழப்பீட்டு அட்டவணையில் கடைசி வரி:

விபத்துக்குப் பின் வீட்டில் கவனித்துக்கொண்டவர்: மகள், மார்னி ஹோல்கேட். தலை அலசுதல், உடை மாட்டிவிடுதல், பை சுமத்தல். வாரத்துக்கு ஒன்பது மணி நேரம். ஏற்றுக்கொள்ளப்பட்டது.

"இதை எப்பம்மா எழுதின?"

"நீ டீ போடப் போனப்ப."

"ஒன்பது இருக்காதும்மா. ஆறு ஏழு இருக்கும். திரும்பப் பொய்னு—"

"எண்ணிட்டுத்தான்டி இருந்தேன்," என்றாள் துண்டுக்குள்ளிருந்து. "ஒன்பதுதான்."

இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர்கள் நம்பிவிட்டார்கள். நான்தான் இன்னும் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன்.