மிச்ச மருந்து

அன்புள்ள தம்பிக்கு,

கண் மங்குகிறது என்றாய். அதனால் பெரிய எழுத்தில், சுருக்கமாக எழுதுகிறேன்.

வேலை நன்றாகப் போகிறது. உன் மூளைக்குள் புகுந்திருக்கும் அதே பூஞ்சையைத்தான் எங்கள் ஆய்வகத்து எலிகளுக்கும் ஏற்றியிருந்தோம். அதைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடியில் கதிர்வீசும் பிஸ்மத் உலோகத்தைச் சேர்த்துக் கொடுத்தோம். பெரும்பாலான எலிகள் பிழைத்துவிட்டன. மனிதர்களுக்குக் கொடுக்க இன்னும் அனுமதி இல்லை. கேட்டுப் பார்த்துவிட்டேன்.

பிஸ்மத்தின் வீரியம் சீக்கிரமே தணிந்துவிடும்; முக்கால் மணி நேரத்தில் பாதியாகிவிடும். ஒவ்வொரு முறையும் மிஞ்சுவதை ஈயச் செங்கல்லுக்குப் பின்னால் வைத்துவிடுவோம். மறுநாள் அதில் ஒன்றும் இருக்காது. கொட்டிவிடுவோம்.

நேற்று நான் மருந்து வைக்கும் ஈயக் குப்பியோடு கிளம்பியதைக் கூட வேலை செய்யும் ரமோனா பார்த்துவிட்டாள்.

"ஏய், அத எங்க தூக்கிட்டுப் போறே?"

"காலிதான். வேணும்னா தொறந்து பாரு."

பார்த்தாள். "காலிக் குப்பியப் போய் யாராவது சுமப்பாங்களா? இந்தப் பிராங்க்ஸ் ஊர்ல பைத்தியத்துக்கா பஞ்சம், நீ வேற!"

சாலையைக் கடந்து, உன் ஆஸ்பத்திரியில் லிஃப்டுக்குக் காத்திருந்து, உன் அறைக் கதவு வரை வந்தேன். நீ தூங்கிக்கொண்டிருந்தாய். கடிகாரத்தைப் பார்த்தேன்: கிளம்பி இருபது நிமிடம். திரும்பினேன்.

மிச்ச மருந்து உன் கட்டிலுக்கு வந்து சேரும்போதும் பாதிக்கு மேல் வீரியம் மிஞ்சியிருக்கும்.

உன் அக்கா